ஒருவனைத் தூக்க முப்பது பேர்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மேனேஜர் பலகையில் 32,000 என்று எழுதினார். அதற்குக் கீழே 10,000. அதற்கும் கீழே 300. பேனாவை மூடிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இது என்ன கணக்கு? யாராவது சொல்லுங்க பாப்போம்."

"ஆள் குறைக்கிற கணக்கு சார்," என்றான் என் மச்சான்.

பெஞ்சில் இருந்த ஒன்பது பேரும் சிரித்தோம். மேனேஜரும் சிரித்தார். "கரெக்டா சொன்னான் பாருங்க," என்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

எங்களுடையது மாட்டுத் தீவனம் அரைக்கிற ஆலை. நான் சைலோ மேஸ்திரி. மேனேஜர் வந்து ஒரு வருஷம் ஆகிறது. திங்கள்தோறும் வேலை தொடங்குமுன் சாப்பாட்டு அறையில் அரை மணி நேரம் வேதத்திலிருந்து ஒரு கதை சொல்வார், அதிலிருந்து தலைமைக்கு ஒரு பாடம் எடுப்பார். யோசேப்பு கதையில் சரக்கு இருப்பு வைப்பது. மோசே கதையில் வேலையைப் பிரித்துக் கொடுப்பது. எங்களுக்குள் அவருக்குப் பெயர் பிரசங்கி. கெட்ட மனுஷன் இல்லை. ஒருவன் காலில் மூட்டை விழுந்தபோது தன் வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர். கதை முடிந்ததும் கண்ணை மூடி எங்கள் பாதுகாப்புக்காக ஜெபமும் செய்வார். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வாய் திறந்திருக்குமோ என்னவோ.

அன்றைக்குக் கிதியோன் கதை. எதிரி வெட்டுக்கிளிக் கூட்டம் மாதிரிக் கிடக்கிறான். கிதியோனிடம் முப்பத்திரண்டாயிரம் பேர். இவ்வளவு பேர் வேண்டாம் என்கிறார் கடவுள். பயந்தவனெல்லாம் வீட்டுக்குப் போகலாம் என்றதும் இருபத்திரண்டாயிரம் பேர் நடையைக் கட்டுகிறார்கள். மிச்சம் பத்தாயிரம் பேரையும் தண்ணீருக்குக் கூட்டிப்போய்ப் பார்க்கிறான். முழங்கால் போட்டுக் குனிந்து குடித்தவனெல்லாம் வெளியே. கையில் அள்ளிக் குடித்தவன் மட்டும் உள்ளே. முந்நூறு பேர். அந்த முந்நூறு பேரை வைத்து ஜெயித்தான்.

"கையில அள்ளிக் குடிக்கிறவன் கண்ணு எப்பவும் முன்னால பாக்கும்," என்றார் மேனேஜர். "விழிப்பு! ஆள் எத்தனைங்கிறது முக்கியமில்ல. விழிப்பா எத்தனை பேர் இருக்கான்? அதான் முக்கியம்."

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சைலோ என்பது நாலு மாடி உயரத்துக்கு நிற்கும் தகர உருளை. உள்ளே சோளம். அடியில் ஒரு வாய், அதற்கு ஒரு இரும்பு அடைப்பு. அடைப்பைத் திறந்தால் கீழே நிற்கும் லாரியில் சோளம் கொட்டும். சோளத்தில் ஈரம் ஏறிவிட்டால் கெட்டி தட்டிவிடும். அடியில் இருப்பது கொட்டிப்போன பிறகும் மேலே உள்ளது பாளமாக அப்படியே அந்தரத்தில் நிற்கும். பார்த்தால் சிமெண்ட் தரை. அதற்குக் கீழே வெறும் பள்ளம். மேல் மூடி வழியாக ஒருவன் அக்குளுக்குக் கீழே கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கிக் கடப்பாரையால் அந்தப் பாளத்தை உடைக்க வேண்டும். இறங்குகிறவன் என் மச்சான். என் மனைவியின் தம்பி. இருபத்தேழு வயது, ஒல்லி உடம்பு, ஓயாத வாய்.

மேலே கயிற்றைப் பிடிக்க ஒருவன் வேண்டும். ஒரு இழுப்பு என்றால் நான் நன்றாக இருக்கிறேன். இரண்டு என்றால் கயிற்றைத் தளர்த்து. மூன்று என்றால் தூக்கு. அந்த வேலையைப் பதினோரு வருஷமாகச் செய்தவனை நாங்கள் தூங்கி என்று கூப்பிடுவோம். கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, காலைக் கம்பித் தடுப்பில் ஊன்றி, கண்ணை மூடிவிடுவான். யார் பேசினாலும் பதில் வராது. கண்ணைத் திறந்து வைத்தால் கைக்குக் கேட்காது என்பான். உள்ளே மச்சான் தும்மினால்கூட மேலே இவனுக்குத் தெரியும்.

புதன்கிழமை மதியம் வேலை விட்டு இறங்கி, முற்றத்துக் குழாயில் வாய் கொப்பளித்துத் தண்ணீர் குடித்தோம். அந்தக் குழாய் முழங்கால் உயரம்தான். தொண்டையெல்லாம் தூசி. யார் எப்படிக் குடித்தோம் என்று யாருக்கு ஞாபகம்? ஆபீஸ் ஜன்னலில் மேனேஜர் நின்றதை மட்டும் பார்த்தேன். கையில் நோட்டு இருந்தது.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"மூணு பேர் முழங்கால் போட்டாங்க மேஸ்திரி. அடைப்புக்காரர், பெருக்குறவர், அப்புறம் அந்தத் தூங்கி." நோட்டைப் பார்த்துப் படித்தார். "தூங்கிய இதுக்கு முன்னாலயும் கவனிச்சிருக்கேன். மூணு தடவ. மேல உக்காந்து கண்ண மூடிட்டு இருக்கான்."

அவன் ஏன் கண்ணை மூடுகிறான் என்று சொல்ல வாயெடுத்தேன். தினமும் அவன் முழங்கால் போடுவது குடிக்க மட்டும் இல்லை, கயிறு அறுத்த உள்ளங்கையைத் தண்ணீரில் நனைக்க. அதையும் சொல்ல இருந்தேன். அதற்குள் அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

"உங்க மச்சான் ஒரு முழங்கால் மட்டும் போட்டான். அத எந்தக் கணக்குல சேக்குறதுன்னுதான் தெரியல." தலையை நிமிர்த்தினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் தூங்கியைப் பற்றிப் பேசினால் அவர் மச்சானைப் பற்றிப் பேசுவார். அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

"அவன் விழிப்பான பையன் சார்," என்றேன்.

"அப்ப மத்த மூணு பேர்?"

"சரிங்க சார்."

வெள்ளிக்கிழமையோடு மூன்று பேரும் போய்விட்டார்கள். தூங்கி போகும்போது கயிற்றைச் சுருட்டி, முடிச்சுகளைத் தடவிப் பார்த்து, என் கையில் கொடுத்தான். திட்டியிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என் மனைவி கிழிந்த சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் வேதத்தை அட்டை முதல் அட்டை வரை எத்தனை தடவை படித்தாளோ, அவளுக்கே தெரியாது. மச்சான் தரையில் படுத்துக்கொண்டு அவளுக்குக் கிதியோன் கதையை நடித்துக் காட்டினான். நாக்கை நீட்டித் தண்ணீர் நக்கினான். அவள் சிரிக்கவில்லை.

"அந்த மேனேஜர் பாதிக் கதைதான் படிச்சிருக்காரு," என்றாள். "கிதியோன் சண்டைக்குப் போறதுக்கு ஆளக் குறைச்சான். குழிக்குள்ள ஆள இறக்கிட்டு, மேல இருக்கிறவனையா குறைச்சான்?"

"அக்கா, நீ வந்து திங்கக்கிழமை கிளாஸ் எடேன். பிரசங்கிக்கு லீவு விட்றலாம்."

"நீ சும்மா கிட. ஏங்க, தூங்கியும் இல்லன்னா கயிறு இனிமே யாரு பிடிக்கிறா?"

ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அம்மா போன பிறகு அந்தத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்.

"நான்தான்," என்றேன்.

மச்சான் என்னைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான். "மாமா பிடிச்சா மலையே விழுந்தாலும் விடாது," என்றான்.

பொய். அடைப்புக்காரனும் போய்விட்டதால் நான் கீழே அடைப்பில் நிற்க வேண்டும். மீதி நாலு பேருக்கு அரவை இயந்திரத்தை விட்டு நகர முடியாது. கயிற்றை மேலே கம்பித் தடுப்பில் ஒரு இரும்பு வளையத்தில் கட்டினோம். மச்சான் உள்ளேயிருந்து இழுத்தால் வளையம் கம்பியில் மோதி டங்கென்று சத்தம் வரும். தடுப்பும் ஏணியும் ஒரே இரும்பு. கீழே நின்று ஏணியில் காதை வைத்தால் அந்தச் சத்தம் இறங்கி வரும். ஒரு டங் கேட்டால் அவன் சுவரோரம் ஒதுங்கிவிட்டான் என்று அர்த்தம், நான் அடைப்பைக் கால்வாசி திறப்பேன். முன்பெல்லாம் அவன் முழுதாக வெளியே வந்த பிறகுதான் அடைப்பைத் திறப்போம். இப்போது லாரி வரிசை நீண்டுவிட்டது.

மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அவள் கேட்டாள், ஒவ்வொரு ஞாயிறும் நான்தான் என்றேன். பொய்யும் பழகிவிட்டது, சத்தமும் பழகிவிட்டது.

ஒரு நாள் வழியில் தூங்கியைப் பார்த்தேன். சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். முதுகுச் சுமையை இறக்காமலே நின்றான்.

"கயிறு யார்ட்ட இருக்கு மேஸ்திரி?"

"கம்பில கட்டியிருக்கோம்."

"கம்பி பிடிச்சுக்கும். கம்பிக்கு ஒண்ணும் தெரியாதே," என்றான். நடந்து போய்விட்டான்.

அந்த வார்த்தையோடுதான் வீட்டுக்கு வந்தேன். மழைக்காலம் வேறு தொடங்கிவிட்டது. அன்றிரவு மனைவியிடம் கதை ஒன்று கேட்டேன், குழிக்குள் விழுந்தவனைத் தூக்கிய கதை ஏதாவது இருக்கிறதா என்று. அவள் யோசிக்கவே இல்லை. எரேமியா கதையைச் சொன்னாள்.

அடுத்த திங்கள் மேனேஜர் வழக்கம்போல், "இன்னிக்கு உங்கள்ல யாராவது கதை சொல்றீங்களா?" என்று கேட்டார். யாரும் சொன்னதில்லை. நான் எழுந்தேன். நாற்பத்தாறு வயதில் பள்ளிக்கூடப் பையன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"எரேமியாவத் தண்ணியில்லாத கிணத்துக்குள்ள இறக்கிட்டாங்க சார். உள்ள சேறு. சேத்துல முங்கிட்டாரு. அரண்மனை வேலைக்காரர் ஒருத்தரு ராஜாகிட்ட போய் நின்னு, அந்த மனுஷன் செத்துப்போவாருன்னு சொன்னாரு. ராஜா உடனே, முப்பது பேரக் கூட்டிட்டுப் போ, தூக்குன்னாரு. ஒரு ஆளத் தூக்க முப்பது பேர் சார்." மூச்சு வாங்கிக்கொண்டேன். "அந்த வேலைக்காரரு பழைய கந்தல் துணியும் கொண்டு போனாரு. கயிறு அறுக்காம இருக்க அக்குள்ள வச்சுக்கச் சொல்லி, மெதுவாத் தூக்குனாங்க."

மேனேஜரின் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து வந்து என் தோளில் தட்டினார். எனக்கு நெஞ்சில் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

"இதத்தான் நான் ஒரு வருஷமா எதிர்பாத்தேன்! எல்லாரும் கை தட்டுங்க." பலகையில் பெரிதாக எழுதினார். கந்தல். "கவனிச்சீங்களா? புதுசா எதுவும் வாங்கல. கிடக்கிறத வச்சு வேலைய முடிச்சான். தலைவன்னா அவன்!"

"சார், அந்த முப்பது பேரு…"

"அது ராஜா காலம் மேஸ்திரி. பாடத்தப் புடிங்க. நம்ம சைலோ மேல கயிறு கம்பில உரசி நூல் நூலாப் போகுது, நானே பாத்தேன். நாளைக்கே கந்தல் சுத்துங்க."

பெஞ்சில் மச்சான் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். "மாமா, ஆள் கேட்டீங்க. துணி கெடச்சிருக்கு."

அன்று மாலை வீட்டில் துணி கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, அவளே சொன்ன கதைதானே. மச்சானின் பழைய நீலக் கட்டம் போட்ட சட்டையையும் ஒரு போர்வைத் துண்டையும் மடித்து, ஓரம் பிரியாமல் இருக்க ஒரு தையலும் போட்டுக் கொடுத்தாள். "ரெண்டு அக்குளுக்கும் சரியா இருக்கும். அழுத்திக் கட்டச் சொல்லுங்க," என்றாள். சரி என்றேன்.

மறுநாள் காலை மேனேஜரே மேலே ஏறி வந்துவிட்டார். என் கையிலிருந்து துணியை வாங்கித் தன் கையாலேயே கம்பியில் சுற்றினார். வளையத்தையும் சேர்த்துச் சுற்றி இறுக்கிக் கட்டினார். போட்டோ எடுத்துக்கொண்டார். எங்களுக்காக ஒரு சின்ன ஜெபம். பிறகு இறங்கிப் போனார்.

நான் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன்.

சத்தம் வரவில்லை.

மச்சானும் கவனித்தான். மூடிக்குள் ஒரு காலை விட்டபடி நின்றான். "மணி ஊமையாயிருச்சு மாமா."

"அவிழ்த்துரட்டா?"

"இப்பதான் போட்டோ எடுத்துட்டுப் போறாரு. கீழ போறதுக்குள்ள அவுத்தா மனுஷன் மனசு ஒடஞ்சிரும்." சிரித்தான். "இன்னிக்கு ஒரு நாள்தான? நீங்க அப்பப்ப ஏறி வந்து பாருங்க. நான் உள்ள பாட்டுப் பாடுறேன்."

சத்தம் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். எப்படிச் சொன்னாலும் அது மாறாது. அந்த முடிச்சை அவிழ்க்க அரை நிமிஷம் போதும். நான் அவிழ்க்கவில்லை. கீழே லாரிக்காரன் ஹார்ன் அடித்தான், நான் ஏணியில் இறங்கினேன். நாற்பத்திரண்டு படி.

கீழே மேனேஜர் லாரிப் பக்கத்தில் நின்றார். நான் ஏணியில் காதை வைத்தேன். அரவை இயந்திரத்தின் உறுமல் மட்டும் வந்தது. ஒரு டங்குக்காகக் காத்திருந்தேன். வராது என்று தெரிந்தே காத்திருந்தேன்.

"என்ன மேஸ்திரி, ஏணிகிட்ட ரகசியமா?" என்றான் லாரிக்காரன். "எனக்கு இன்னும் ரெண்டு நடை இருக்கு."

"ஒரு தடவ மேல போய்ப் பாத்துட்டு வந்துர்றேன் சார்," என்றேன்.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏறி இறங்க கால் மணி நேரம். தினமும் திறக்கிறதுதான? உங்க மச்சான் விழிப்பான ஆளுன்னு நீங்கதான சொன்னீங்க. திறங்க."

திறந்தேன். கால்வாசி.

சோளம் மஞ்சளாக, அழகாகக் கொட்டியது. லாரிக்காரன் பீடி பற்றவைக்கப் போனான், அதட்டினேன், தீக்குச்சியை அணைத்தான். எண்ணிக்கொண்டே நின்றேன். அறுபது எண்ணியிருப்பேன். திடீரென்று சோளத்தோடு பெரிய பெரிய கட்டிகள் விழ ஆரம்பித்தன. ஈரக் கட்டிகள். மேல் பாளம் உடைந்தால்தான் அப்படி விழும். உடைத்தவன் சுவரோரம் நிற்க வேண்டும். நிற்கிறானா? ஏணி பேசவில்லை.

அடைப்பை அறைந்து மூடினேன். ஏறினேன். எத்தனை படி என்று எண்ணவில்லை.

கயிறு கந்தலின் மேல் கம்பி மாதிரி விறைத்து நின்றது. மூடிக்குள் எட்டிப் பார்த்தேன். தூசி மட்டும். கூப்பிட்டேன். பாட்டும் இல்லை, பதிலும் இல்லை. கயிற்றை அவிழ்த்து இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, காலைத் தடுப்பில் ஊன்றி, கண்ணை மூடினேன்.

மூன்று இழுப்பு. தெளிவாக, கையில்.

எவ்வளவு நேரமாக அந்த மூன்றை இழுத்துக்கொண்டிருந்தானோ.

என் கத்தலில் நாலு பேரும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்கள். மேனேஜர் வந்தார், சட்டைக் கையை மடித்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். லாரிக்காரனும் பிடித்தான். ஏழு பேர். தூசி கொஞ்சம் அடங்கியபோது அவனைப் பார்த்தோம். மார்பு வரை சோளம். முகம் எங்களை நோக்கித் திரும்பியிருந்தது. வாய் அசைந்தது, குரல் வரவில்லை. ஏழு பேரும் சேர்ந்து இழுத்தோம். அவன் ஒரு விரல் அளவுகூட மேலே வரவில்லை. கயிறுதான் அவன் மேல் இறுகியது. அவன் மூச்சை விட்டபோதெல்லாம் அந்த இடத்தில் சோளம் போய் அடைத்துக்கொண்டது.

"இன்னும்! இன்னும்!" என்றார் மேனேஜர். அவருடைய உள்ளங்கை கிழிந்து கயிற்றில் ரத்தம் பட்டது.

இரண்டு இழுப்பு வந்தது.

"நிறுத்துங்க," என்றேன். "தளர்த்தச் சொல்றான்."

"தளர்த்தினா முங்கிடுவான்ய்யா!"

"கயிறு அறுக்குது சார். அவனுக்கு மூச்சு விட முடியல."

தளர்த்தினோம். ஒருவன் சுவர்த் தகடுகளின் போல்ட்டைக் கழற்றப் பக்கத்து ஆலைகளுக்கு ஆள் கேட்டு ஓடினான். மற்றவர்கள் அவன் பின்னாலேயே இறங்கினார்கள். நான் மட்டும் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கயிற்றில் இருந்தேன். கையில் அவன் மூச்சு தெரிந்தது. பொய் இல்லை, தூங்கி சொன்னது நிஜம். ஒவ்வொரு மூச்சும் முந்தையதைவிடச் சின்னது.

பிறகு ஒரே ஒரு இழுப்பு. நன்றாக இருக்கிறேன் என்பதற்கு உள்ள இழுப்பு.

அடுத்ததற்குக் காத்திருந்தேன்.

பக்கத்து ஆலைகளிலிருந்து ஆள் வந்தார்கள். முப்பதுக்கு மேலேயே இருக்கும். மதியம் இரண்டு மணிக்குத் தகடு திறந்து, சோளம் முற்றமெல்லாம் கொட்டி, அவனை வெளியே எடுத்தார்கள். குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சாக்கில் கிடத்தினார்கள். மேனேஜர் சோளத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வாயில் ஜெபம் வரவில்லை.

யாரோ சொல்லி என் மனைவி வந்தாள். கூட்டம் வழி விட்டது. அழுவாள், அடிப்பாள், கயிறு யார் பிடித்தது என்று கேட்பாள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து முகத்துத் தூசியைத் துடைத்தாள். சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். வலது கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தாள். இடது கையையும் தூக்கிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் கயிறு தோலை உரித்திருந்தது.

"நான் குடுத்த துணி எங்கங்க?" என்றாள்.

நான் மேலே பார்த்தேன். அவளும் பார்த்தாள். நாலு மாடி உயரத்தில், கம்பியில், நீலக் கட்டம் போட்ட ஒரு சட்டைக் கை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.